நிமிர்ந்தவன் எவன்?

சென்ற மாதத்தில் ஒரு நாள் பிற்பகல், வெள்ளவத்தையிலுள்ள நம் வீட்டு வாயிலில் ஒரு தாயார் வந்து நின்றார். கையில் ஒரு காகித உறை. முகத்திலே வருத்தமும் தயக்கமும் கலந்த தோற்றம். அவருடைய மகன் நம்மிடம் கணிதம் பயின்று உயர்தரப் பரீட்சையில் தேறியவன். மேற்படிப்புக்கு வெளிநாடு செல்ல விண்ணப்பிக்கும் பொருட்டு நம்மிடம் ஒரு நற்சான்றுப் பத்திரம் கேட்டிருந்தான். நாமும் ஆங்கிலத்திற் பத்து வரிகள் எழுதி, ஒப்பமிட்டுக் கொடுத்திருந்தோம்.

“மாஸ்ரர், குறை நினையாதேங்கோ,” என்று தொடங்கினார் அத்தாயார். “பிள்ளையின்ரை பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை இங்கிலீசிலை மாத்திறதுக்குப் புதுக்கடைக்குப் போனனான். அங்கை ரைப் அடிக்கிற பொடியனிட்டை, இந்தக் கடிதத்திலை மாஸ்ரர் என்ன எழுதியிருக்கிறார் எண்டு கேட்டன். ‘நல்லா நிமிர்ந்து நிக்கிற பிள்ளை எண்டு எழுதியிருக்கு’ எண்டான். எங்கடை பிள்ளைக்கு முதுகு கொஞ்சம் கூனல் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே. நேரிலை பார்க்கிறவை, மாஸ்ரர் பொய் எழுதினவர் எண்டு நினைக்கமாட்டினமே?”

நமக்கு முதலிற் சிரிப்பு வந்தது. ‘அப்ரைற்’ என்னும் ஆங்கிலச் சொல்லை அக்கடிதத்தில் நாம் வழங்கியிருந்தோம். ‘நேர்மையுள்ளவன்’ என்பது நாம் கருதிய பொருள். ‘நிமிர்ந்து நிற்பவன்’ என்பது அந்தத் தட்டெழுத்தாளர் சொன்ன பொருள். இரண்டும் அச்சொல்லுக்கு உரியவையே. “அம்மா, அது முதுகைப்பற்றிய பேச்சன்று, மனத்தைப்பற்றிய பேச்சு” என்று விளக்கினோம். அவர் முகம் மலர்ந்தது. தேநீர் அருந்தி விடைபெற்றுச் சென்றார்.

அவர் சென்றபின் நம் சிரிப்பு நிலைக்கவில்லை. அதே சொல்லை, அதே வாரத்தில், வேறொருவனுக்கும் நாம் எழுதிக் கொடுத்திருந்தோம் என்பது நினைவுக்கு வந்தது. அந்தக் கதையைப் பின்னர்ச் சொல்வோம். முதலிற் சொல்லைப் பார்ப்போம்.

புதுக்கடையிலே பிழை நேர்ந்தது என்று அவ்விளைஞரைக் குறைகூறல் ஆகாது. கொழும்பிலே சொற்கள் ஓயாது இடம்மாறும் ஊர் அது. நீதிமன்றங்களும் சட்டத்தரணிகளின் அறைகளும் நெருங்கிக் கிடக்கும் அத்தெருக்களில், சிங்களத்திலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் உறுதிகளும் அத்தாட்சிப் பத்திரங்களும் நாள்தோறும் பெயர்க்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் அவ்விடத்தை ‘ஹல்ஸ்டோப்’ என்பர். போர்த்துக்கேயர் வசமிருந்த கொழும்பை முற்றுகையிட்டபோது 1656ஆம் ஆண்டு உயிரிழந்த ஹல்ஃப்ட் என்ற ஒல்லாந்தத் தளபதியின் ஊர் என்பது அதன் பொருள். தளபதியை மக்கள் மறந்துவிட்டனர். சிங்களவர் ‘அளுத்கடே’ என்கின்றனர். நாம் புதுக்கடை என்கின்றோம். இரண்டும் ஒரு பொருளனவே. ஒல்லாந்தர் தந்த ‘கந்தோர்’ என்ற சொல் மட்டும் நம் நாவில் நிலைத்துவிட்டது. அப்புக்காத்து என்றும் பிறக்கிராசி என்றும் நம் பாட்டன்மார் அழைத்தவர்கள் இன்று சட்டத்தரணிகள் ஆகிவிட்டனர். அங்கே ஒரு சொல் பிசகினால் ஒரு காணியின் எல்லை பிசகும். ஒருவனுடைய பிறந்த நாளே பிசகும். ஆதலின் ஒரு சொல்லை நிறுத்துப் பார்ப்பதற்குப் புதுக்கடையினும் பொருத்தமான தொடக்கம் நமக்குக் கிடைத்திராது.

‘அப்ரைற்’ என்பது ஆங்கிலத்திலே பல தொழில் செய்யும் சொல். நாற்காலியில் ஒருவன் வளையாது அமர்ந்திருந்தாலும் அச்சொல்லே. பந்தலுக்கு நட்ட கப்புகளும் பந்தாட்டத் திடலிற் கோலைத் தாங்கும் கம்பங்களும் அச்சொல்லின் பன்மையே. தந்திகளை மேலிருந்து கீழாகப் பூட்டிச் சுவரோரமாக வைக்கத்தக்க பியானோவுக்கும் அதுவே அடைமொழி. கண்ணாடிப் பொருள்கள் நிறைந்த பெட்டியின்மேல் ‘நிமிர்த்தியே வைக்கவும்’ என்று எச்சரிப்பதற்கும் அதுவே உதவுகின்றது. திடுக்குற்று எழுந்து விறைத்து உட்காருவதைப் ‘போல்ற் அப்ரைற்’ என்பர். இதிலுள்ள ‘போல்ற்’ என்பது குறுக்குவில்லிற் பூட்டும் அம்பு என்று சொல்லாராய்ச்சியார் கூறுவர்.

வியப்பு யாதெனின், 14ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த சோசர் என்னும் ஆங்கிலக் கவிஞரின் காலத்தில், இச்சொல்லுக்கு மல்லாந்து கிடத்தல் என்ற பொருளும் இருந்தது! முகம் மேனோக்கியிருந்தாற் போதும். உடம்பு தரையோடு தரையாகக் கிடக்கலாம். நாம் எழுதும் நற்சான்றுப் பத்திரங்கள் சிலவற்றில் இப்பழைய பொருளே கொள்ளத்தக்கது போலும்.

மாணவர்க்குப் பயன்படும் குறிப்பொன்றை இங்கே சொல்லிவைப்போம். ‘இரெக்ற்’ என்ற சொல்லும் நிமிர்வையே குறிக்கும். ஆயினும் அது உடம்புக்கும் கட்டடத்துக்கும் உரியது. இக்கால ஆங்கிலத்தில் ஒருவனுடைய குணத்துக்கு அதை அடையாக்குவதில்லை. ‘ஒனெஸ்ற்’ என்பது நாணயம் உடையவனைக் குறிக்கும். இதற்கும் ‘அப்ரைற்’ என்பதற்கும் வேறுபாடு உண்டு. ஒருவன் ஒருநாள் ஓர் உண்மையைச் சொன்னால், அவ்வொரு செயலளவில் முன்னைய சொல் பொருந்தும். பின்னைய சொல் அவ்வளவில் அமையாது. அது ஒரு செயலைச் சுட்டுவதன்று. ஒருவன் எப்பொழுதும் நிற்கும் நிலையைச் சுட்டுவது. தூண் காலையில் மட்டும் நிமிர்ந்து நின்று மாலையிற் சாய்ந்துவிடுமாயின் அதைத் தூண் என்று யாரும் நம்பிக் கூரை போடார்.

இச்சொல்லின் பிற்பகுதியாகிய ‘ரைற்’ என்பது மிகப் பழைய குடியிற் பிறந்தது. நேரானது என்ற பொருளுடைய ‘ரெக்ற்றஸ்’ என்னும் இலத்தீன் சொல்லும், நேர்மையைக் குறிக்கும் ‘ருஜு’ என்னும் வடசொல்லும், ஏன், ‘ராஜா’ என்னும் சொல்லும் அக்குடியினவே என்று மொழிநூலார் காட்டுவர். ஆங்கிலத்திலே கோடு கீறும் அடிமட்டத்துக்கும் நாட்டை ஆள்பவனுக்கும் ‘றூலர்’ என்பது ஒரே பெயராய் அமைந்ததும் இவ்வுறவினாலேதான். நேராகக் கீறத் தெரியாதவன் ஆளத் தெரியாதவன் என்பது அச்சொல் தன்னுள் அடக்கி வைத்திருக்கும் கருத்து.

தமிழ் இத்துறையில் எவர்க்கும் பின்னின்றதில்லை. நேர் என்பதிலிருந்து நேர்மை. செம்மையான கோல் செங்கோல். வளைந்த கோல் கொடுங்கோல். ஒருபாற் சாய்தலைக் கோடுதல் என்றும், மனத்தின் வளைவைக் கோட்டம் என்றும் நம் முன்னோர் வழங்கினர். திருவள்ளுவர் நடுவு நிலைமைக்குத் தமது நூலின் 12ஆம் அதிகாரத்தையும், செங்கோன்மைக்கு 55ஆம் அதிகாரத்தையும், கொடுங்கோன்மைக்கு அதனை அடுத்த அதிகாரத்தையும் வகுத்தார். விவிலிய நூலில் யோபு என்பவரின் குணத்தைச் சொல்லுமிடத்து ஆங்கில மொழிபெயர்ப்பார் ‘அப்ரைற்’ என்று எழுத, தமிழ் மொழிபெயர்ப்பார் ‘சன்மார்க்கன்’ என்று எழுதினர். ஆங்கிலம் நிற்கும் நிலையைக் கண்டது. தமிழ் நடக்கும் வழியைக் கண்டது. நிற்பதைக்காட்டிலும் நடப்பது கடினம் என்பதை நடப்பவர் அறிவர்.

ஆனால் நேரானவையெல்லாம் நல்லவை என்று எண்ணி ஏமாறலாகாது. கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் ஓர் அரிய வேறுபாட்டைக் காட்டுகிறார். அம்பு வடிவில் நேரானது. அதன் செயலோ கொலை. யாழின் தண்டு வளைந்தது. அதன் பயனோ இன்னிசை. ஆதலின் வடிவைக்கொண்டு மதியாது, செய்கையைக்கொண்டு மதிக்கவேண்டும் என்பது அவர் கருத்து. விறைத்த கழுத்தும் உயர்ந்த தலையும் கொண்டு திரிபவர் பலர் அம்பினம். அடக்கத்தாற் குனிந்து நடப்பவர் சிலர் யாழினம்.

நம் மாணவன் யாழினத்தைச் சேர்ந்தவன். முதுகு சற்று வளைந்தவன். வகுப்பிற் கடைசி வாங்கில் ஒதுங்கி இருப்பவன். ஒரு தவணைப் பரீட்சையின்போது அவனுடைய விடைத்தாளின் புள்ளிகளைக் கூட்டுகையில் நாம் 9 புள்ளிகளை மிகையாகக் கூட்டிவிட்டோம். அதனால் அவன் வகுப்பிலே முதலிடம் பெற்றான். விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று, பிள்ளைகள் எல்லாரும் வெளியேறும்வரை காத்திருந்து, நம் மேசையருகே வந்தான். “சேர், கூட்டினதிலை ஒரு பிழை இருக்கு” என்றான். புள்ளி குறைந்தது என்று முறையிட வந்தான் போலும் என்றே நாம் நினைத்தோம். கூட்டிப் பார்த்தபோது நம் முகம் சிவந்தது. அவன் மூன்றாம் இடத்துக்கு இறங்கினான். அவனுடைய தாயாருக்குக்கூட இதை அவன் சொல்லவில்லை என்பது அன்று நம் வீட்டு வாயிலிலேதான் நமக்குத் தெரிந்தது. இவனைக் குறித்து ‘அப்ரைற்’ என்று நாம் எழுதியது பொய்யன்று. பொய் வேறிடத்தில் இருந்தது.

நமக்குப் பல ஆண்டுகளாக உதவி புரிந்துவரும் ஒரு பெரியவர் இருக்கிறார். அவருடைய மகனும் நம் மாணவனே. விளையாட்டில் வல்லவன், இனிமையாகப் பேசுபவன். ஆயினும் பிறனொருவன் செய்த ஒப்படையைத் தன் பெயரிற் கொடுத்து ஒருமுறை நம்மிடம் அகப்பட்டவன். பிள்ளை வயதுப் பிழை என்று நாமும் அதைப் பெரிதுபடுத்தவில்லை, அதிற் தவறில்லை. ஆனால் சென்ற மாதம் அவனுக்கு நற்சான்று எழுத அமர்ந்தபோது, கை தானாகவே ‘அப்ரைற்’ என்ற சொல்லை எழுதிவிட்டது. ஒரு கணம் உள்ளம் உறுத்தியது. “எல்லாரும் எழுதுவதுதானே, எழுதாவிட்டாலன்றோ குறை?” என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒப்பமிட்டோம்.

அந்தத் தாயார் வந்துபோன இரவிலே, ‘எல்லாரும்’ என்ற அந்தச் சமாதானத்தை நாம் மீண்டும் எண்ணிப் பார்த்தோம். கணிதம் கற்பிப்பவர்க்கு அதன் பிழை உடனே தெரிந்திருக்கவேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாம் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

இலங்கையிலே சுயமொழிக் கல்வி வேரூன்றிய 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தார் கலைச்சொற்றொகுதிகள் பலவற்றை வெளியிட்டனர். அம்மரபில் வந்த நம் பாடநூல்கள் இரண்டு சொற்களை வேறுபடுத்திக் காக்கின்றன. ஆங்கிலத்தில் ‘பேப்பெண்டிக்குலர்’ எனப்படுவது நமக்குச் செங்குத்து. ‘வேட்டிக்கல்’ எனப்படுவது நிலைக்குத்து. தமிழ்நாட்டு நூல்கள் பலவற்றில் இரண்டுக்கும் செங்குத்து என்ற ஒரு சொல்லே வழங்கக் காண்கின்றோம். நம் நாட்டு வழக்கு இவ்வொன்றிலே நுட்பம் மிக்கது என்று சொன்னாற் தமிழகத்து அன்பர்கள் சினவார் என்று நம்புகின்றோம்.

வேறுபாடு என்ன? ஒரு கோட்டோடு இன்னொரு கோடு 90 பாகையில் நின்றால் அது முன்னையதற்குச் செங்குத்து. அடிக்கோடு எப்படிச் சரிந்திருந்தாலும் கவலையில்லை. அச்சரிவோடு செங்கோணம் அமைந்தாற் போதும். ஆகவே செங்குத்து என்று ஒருவன் சொன்னால், ‘எதற்கு?’ என்று நாம் கேட்கவேண்டும். நிலைக்குத்து என்றால் அக்கேள்விக்கு இடமில்லை. அது பூமியின் ஈர்ப்பைத் தொடர்ந்து நிற்கும் நிலை. பக்கத்தில் என்ன சரிந்திருந்தாலும் அது மாறாது.

சிறுவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்குவதில்லை. பியாஜே என்ற சுவிற்சர்லாந்து உளவியலறிஞரும் அவருடன் ஆராய்ந்த இன்ஹெல்டர் அம்மையாரும் 1948ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில் இதை விளக்கினர். ஒரு மலையை வரைந்து, அதன் சரிவிலே மரங்களை வரையும்படி சிறு பிள்ளைகளிடம் சொன்னால், அவர்கள் மரங்களைச் சரிவுக்குச் செங்குத்தாக வரைவர். மரங்கள் எல்லாம் மலையை விட்டு வெளிப்புறமாகச் சாய்ந்து, விழப்போவனபோல நிற்கும். சரிந்த கூரையிலே புகைபோக்கியை வரைந்தாலும் அப்படியே. பிள்ளை தன் கண்ணுக்கு அருகிலுள்ள கோட்டையே பார்க்கிறது. தூரத்திலுள்ள பூமியை அது நினைப்பதில்லை. வளர வளர இப்பிழை தானாகவே திருந்திவிடுகின்றது.

மலையகத்துக்கு இரயிலிற் போனவர்கள் உண்மை மரங்களைக் கண்டிருப்பர். தேயிலைச் சரிவு எவ்வளவு செங்குத்தாக இறங்கினாலும், அதில் நிற்கும் மரம் அச்சரிவை மதிப்பதில்லை. வானை நோக்கி நேரே ஏறுகின்றது. தோமஸ் நைற் என்ற ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், நீராற் சுழலும் சில்லொன்றிலே அவரை விதைகளைப் பூட்டி முளைக்கவிட்டு, முளை தன்மேல் தாக்கும் இழுவையை அறிந்தே தன் திசையைத் தெரிந்துகொள்கிறது என்று காட்டினார். விதைக்குக் கண்ணில்லை; அக்கம்பக்கத்தைப் பார்த்து அது தன் நிலையை முடிவு செய்வதில்லை.

மரம் அறிந்ததை, படம் வரையும் பிள்ளையும் வளர்ந்தபின் அறிந்துகொள்வதை, நாற்பது வயது கடந்த ஆசிரியராகிய நாம் மறந்துவிட்டோம். “எல்லாரும் எழுதுவதுதானே” என்பது சரிந்த தரை. அத்தரைக்கு நம் கடிதம் மிகச் சரியான செங்குத்தாகவே இருந்தது. எவரும் குறை காணார். ஆனால் அது நிலைக்குத்தாக இருக்கவில்லை. கந்தோரில் ஒருவன் கைநீட்டிக் காசு வாங்கிவிட்டு, “இங்கே வழக்கம் இதுதான்” என்னும்போதும், வணிகன் நிறையைக் குறைத்துவிட்டு, “சந்தையில் யார்தான் செய்யவில்லை?” என்னும்போதும், அவர்கள் தம் தரைக்குச் செங்குத்தாகவே நிற்கின்றனர். ஆதலின் தாம் நிமிர்ந்து நிற்பதாக மெய்யாகவே நம்புகின்றனர். இதுதான் இதிலுள்ள பெருங்கேடு. சாய்ந்தவனுக்குத் தான் சாய்ந்தது தெரிந்தால் அவன் நிமிர வழியுண்டு. தரையோடு சேர்ந்து சாய்ந்தவனுக்கு அது தெரிவதேயில்லை.

இதைத் தெரிந்துகொள்வதற்கு மேசன்மாரிடம் ஒரு கருவி உண்டு. ஒரு நூல், அதன் நுனியில் ஒரு குண்டு. தூக்குநூல் என்றும் தூக்குக்குண்டு என்றும் சொல்வர். சுவர் நேராக எழுகின்றதா என்று அறிய, மேசன் பக்கத்துச் சுவரைப் பார்ப்பதில்லை. நூலைத் தொங்கவிட்டு, அதன் ஆட்டம் ஓயும்வரை பொறுத்திருக்கிறான். அப்பொறுமையும் அக்கருவியின் ஒரு பகுதியே. ஆங்கிலத்தின் ‘பேப்பெண்டிக்குலர்’ என்ற சொல்கூட, இலத்தீனிலே தூக்குநூலைக் குறித்த சொல்லிற் பிறந்ததுதான். பிறப்பிலே பூமியின் நடுவை நோக்கிய சொல், வழக்கிலே பக்கத்துக் கோட்டை நோக்கப் பழகிவிட்டது. மனிதர்க்கும் இவ்வாறு நேர்வதுண்டு.

தூக்குநூலும் தவறாததன்று. நெவில் மஸ்கெலின் என்ற ஆங்கில வானநூலறிஞர் 1774ஆம் ஆண்டு, ஸ்கொட்லாந்திலுள்ள ஷிகாலியன் என்னும் மலையின் இருபக்கத்திலும் தங்கி, விண்மீன்களை அளவுகோலாகக் கொண்டு தூக்குநூலைச் சோதித்தார். மலையின் பெரும் பாரம் குண்டைத் தன்பால் மிகச் சிறிதளவு இழுப்பது தெரியவந்தது. கண்ணுக்குப் புலப்படாத சாய்வு அது. விண்மீன்களை நோக்கி அளந்திராவிட்டால் அதை எவரும் அறிந்திரார். பெரியவர்களின் அருகே வாழ்வோர் இதை நினைவிற் கொள்ளவேண்டும். அவர்கள் நம்மை வற்புறுத்த வேண்டுவதில்லை. அவர்களுடைய பாரமே போதும். அப்பெரியவர் நம்மிடம் பொய் எழுதச் சொல்லவில்லை. அவருடைய உதவிகள் அருகில் மலையாய் நின்றன. நம் குண்டு சற்றே விலகியது.

மலையை மதியாது தொங்கிய ஒரு கயிற்றைப்பற்றி மகாவம்சம் சொல்கின்றது. அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளன் என்னும் சோழநாட்டு மன்னன், நீதி வேண்டுவோர் இழுத்து ஒலிக்கும்படி, தன் படுக்கையின் தலைப்பக்கத்தில் நீண்ட கயிறு கட்டிய மணியொன்றைத் தொங்கவிட்டிருந்தான் என்பது அந்நூற் செய்தி. கன்றிழந்த பசு அக்கயிற்றை இழுத்தபோது, கன்றைக் கொன்ற தேர்க்காலினாலேயே தன் மகனைத் தண்டித்தான் என்றும் அது கூறுகின்றது. நம் பெரியபுராணம் இதையொத்த கதையைத் திருவாரூரில் ஆண்ட மனுநீதிச் சோழன்மேல் ஏற்றிச் சொல்லும். சென்னை உயர்நீதிமன்ற வளவில் அச்சோழனுக்குச் சிலையும் உண்டு. இக்கதையின் வன்மை இக்கால உள்ளத்துக்கு ஒவ்வாதிருக்கலாம். நாம் கருதுவது வேறொன்று. மகாவம்சம் எல்லாளனை வென்ற துட்டகைமுனுவைப் போற்றும் நூல். அந்நூலே, வழக்கென்று வந்தால் நண்பர்க்கும் பகைவர்க்கும் எல்லாளன் ஒரே வகையாய் நீதி செய்தான் என்று பதிந்து வைத்திருக்கின்றது. உற்றார் எழுதும் நற்சான்று எவர்க்கும் கிடைக்கும். மாற்றார் எழுதும் நற்சான்று நிமிர்ந்தவனுக்கே கிடைக்கும்.

இன்னுமொரு செய்தி, இதுவும் கணிதமே. நிமிர்ந்தவை எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும் என்று நாம் எண்ணுகின்றோம். அவ்வாறன்று. கொழும்பிலே தொங்கும் தூக்குநூலும் யாழ்ப்பாணத்திலே தொங்கும் தூக்குநூலும் இணையானவை அல்ல. பூமி உருண்டையானபடியால், இரண்டுக்குமிடையே ஏறக்குறைய 2.7 பாகை விலகல் உண்டு. கொழும்புத் தூணை ஒருவன் அப்படியே சாய்வு மாறாது பெயர்த்துக்கொண்டுபோய் யாழ்ப்பாணத்தில் நாட்டினால் அது அங்கே சாய்ந்த தூணாகவே தெரியும். ஆயினும் இரண்டு நூல்களும் அவ்வவ்விடத்தில் நிமிர்ந்தவையே. மேலே விலகினும் கீழே பூமியின் நடுவை நோக்கி நெருங்குகின்றன. வேறு மொழி பேசுபவரும் வேறு தெய்வம் தொழுபவரும் நம்மைப்போல நில்லாமையால் மட்டும் சாய்ந்தவர் ஆகார். எதை நோக்கி நிற்கின்றனர் என்பதைப் பார்க்கவேண்டும்.

கொழும்பிலே பேரை வாவிக் கரையில் இரட்டைக் கட்டடமொன்று அண்மைக் காலத்தில் எழுந்திருக்கின்றது. ஒன்று நிமிர்ந்து நிற்க, மற்றது அதன்மேற் சாய்ந்து நிற்கும்படி அமைத்திருக்கின்றனர். பஸ்ஸிற் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பவர்கள் வியப்பது சாய்ந்த கட்டடத்தையே. நமக்கோ அண்மையில் நிமிர்ந்த கட்டடத்தின்மேலேதான் கண் போகின்றது. சாய்வது குற்றமன்று, எல்லாரும் எதன்மேலேனும் சாய்கின்றோம். நம் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் எங்கோ ஓர் ஊர்ப் பேராசிரியர், நம்மையும் அறியார், பையனையும் அறியார். நம் ஒரு சொல்லின்மேற் சாய்ந்தே முடிவு செய்கிறார். அச்சொல் பொய்த்தூணாயின், அடுத்த முறை நம் கல்லூரியிலிருந்து போகும் கூனல் முதுகுப் பையனுடைய கடிதத்தையும் அவர் நம்பார். ஒருவனுக்குச் செய்த உதவி, முகந்தெரியாத இன்னொருவனுக்குச் செய்த அநீதியாய் முடியும்.

ஆகவே மறுநாட் காலை இரண்டு கடிதங்களையும் திரும்பப் பெற்றுப் புதிதாக எழுதினோம். இரண்டிலும் ‘அப்ரைற்’ என்ற சொல்லை நீக்கிவிட்டோம். முதலாவதில், அச்சொல் இருந்த இடத்தில், 9 புள்ளிகளின் கதையை மூன்று வரிகளில் எழுதினோம். அடைமொழியை யாரும் எழுதலாம். நடந்த செய்தியைக் கண்டவரே எழுதமுடியும். இரண்டாவதில், பையன் ஒழுங்காக வகுப்புக்கு வந்ததையும் விளையாட்டணியைத் திறம்பட நடத்தியதையும் நாம் கண்டபடி எழுதினோம், காணாததை எழுதவில்லை. நற்சான்று எழுதும் பொறுப்புடைய வாசகர்களுக்கு இம்முறையை நாம் பரிந்துரைப்போம். குணத்தின் பெயரை விடுத்துச் செயலைச் சொல்லுங்கள். சொல்வதற்குச் செயல் இல்லையாயின், குணத்தின் பெயரும் வேண்டாம்.

பெரியவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். “முந்தினது நல்லாயிருந்ததே” என்றார். “முந்தியதில் ஒரு சொல் மிகையாகக் கூட்டுப்பட்டுவிட்டது, ஐயா” என்றோம். அவர் வேறொன்றும் பேசவில்லை. அதன்பின் நம் வீட்டுப்பக்கம் வரவுமில்லை. வருத்தம் இல்லையென்று சொன்னால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

கூனல் முதுகுப் பையன் கடிதத்தை நம் முன்னிலையிலேயே படித்துவிட்டு, “இதை ஏன் சேர் எழுதினீங்கள்?” என்று நாணத்தோடு கேட்டான். பிழையாகக் கூட்டினவர் யார் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கின்றதே என்பது அவன் கவலை. இருக்கட்டும் என்றோம். தூக்குநூலைப் பிடிப்பவனுடைய கையும் சில வேளை நடுங்கும்; நூல் ஓயும்வரை அவன் பொறுத்திருந்தாற் போதும்.